பதம் பார்த்தல்

தபாலில் வந்தவை ஐந்து கத்திகள்.
இனாரி ஏரிக்கரை மீட்புக் குழுவுக்கு
இருபது வாங்க வேண்டும், ஒரே மாதிரி.
அதற்காக ஓர் அக்டோபர் சனிக்கிழமை,
மூன்று பேர், ஒரு கோடரி, ஒரு மடக்கு ரம்பம்,
ஒரு மூட்டை பிர்ச் விறகு.
பிடிகளில் பசைநாடா ஒட்டி எண் எழுதினோம்.

இர்மெலி பல் மருத்துவமனையில் உதவியாளர்.
எந்த விளிம்பையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து
ஒரு கண்ணை மூடிப் பார்த்தால்தான் நம்புவாள்.
தாவெட்டி பனிவாரும் வண்டி ஓட்டுகிறவன்.
அவனுக்கு இரும்பு என்றால்
பெரிய இரும்பு, சின்ன இரும்பு,
அவ்வளவுதான் வித்தியாசம்.
பென்சில் என்னிடம். குழுவின் கணக்கு நான்.

முதலில் சீவல்.
விறகின் ஓரத்தைச் சுருள் சுருளாய்ச் சீவி
ஒன்றும் அறுந்து விழாமல் நிறுத்த வேண்டும்,
ஈரக் காட்டில் ஒற்றைத் தீக்குச்சிக்கு
மசிகிற மாதிரி.
ஐந்தாம் எண் விலை உயர்ந்தது, கடப்பாரைக்குத் தம்பி.
கட்டையைப் பிளந்தது,
சுருளுக்குப் பதில் சில்லு சில்லாய்த் துப்பியது.
பிறகு ஏரியில் பிடித்த கெண்டை மாதிரி ஒரு மீனை
அதனிடம் கொடுத்தோம்.
மீனுக்குத்தான் அவமானம்.

கலைமான் கொம்பில் பிடி போட்ட ஒன்றாம் எண்
கையில் இருக்கும்வரை ராணி.
கம்பளிக் கையுறை மாட்டியதும்
நழுவி நழுவி விலகினாள்.

நனைந்த கயிறு, உறைந்த கயிறு,
படகின் இருக்கைப் பட்டை.
எண்ணி எண்ணி இழுத்தோம்:
ஏழு இழுப்பு, நான்கு, பதினொன்று.
மூன்றாம் எண்ணுக்கு இருபதைத் தாண்டியதும்
இர்மெலி நிறுத்தச் சொன்னாள்.
"மொக்கை" என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டேன்.

பாசி நிறப் பிடி கொண்ட இரண்டாம் எண்
நன்றாகவே வெட்டியது.
வெட்டி முடித்துக் கீழே வைத்தோம்.
அதற்குப் பிறகு
முக்கால் மணி நேரம்
மூன்று பேரும் மண்டியிட்டுத்
தரையைத் தடவிக்கொண்டிருந்தோம்.
கண்டுபிடித்தது தாவெட்டியின் முழங்கால்.
நல்லவேளை, மட்டப்பக்கம்.

நான்காம் எண் ஆரஞ்சு நிறம்.
குழந்தைகளின் மணல்வாளியை உருக்கி வார்த்த பிடி.
"அசிங்கம்" என்றாள் இர்மெலி.
பனியில் எறிந்தோம், புதருக்குள் எறிந்தோம்,
ஏரியின் ஓரத் தண்ணீரில்கூட.
ஒவ்வொரு முறையும் கிடந்த இடத்திலிருந்து
எங்களைக் கூப்பிட்டது.

மூன்று மணிக்கே சூரியன் சாய ஆரம்பித்தது.
நெருப்பு மூட்டிக் காபி வைத்தோம்.
எல்லாக் கத்தியும் மீன் வழுவழுப்பும் பிசினுமாய்
மரத்துண்டில் கிடந்தன.
பாலாடைக்கட்டி நறுக்கத் துடைத்து எடுத்தான் தாவெட்டி,
பேசிக்கொண்டே,
பார்க்காமலே,
ஒன்றை.

கட்டி இறங்கவில்லை. அழுத்தினான்.
வழுக்கியது.
கட்டைவிரலின் கீழே
வாய் திறந்த மாதிரி ஒரு கோடு,
முதலில் வெள்ளையாய்,
அப்புறம் நிறுத்தமில்லாமல்.

முதலுதவிப் பெட்டியில் கத்தரிக்கோல் இருந்தது.
துணியை வெட்டவில்லை, மென்றது.
அதை எவரும் சோதித்ததில்லை,
அதற்கு எண்ணும் இல்லை.
அத்தனை கத்திகள் காலடியில் கிடக்க
இர்மெலி கட்டுத்துணியைப்
பல்லால் கிழித்தாள்,
தினமும் அடுத்தவர் பல்லைப் பார்க்கிறவள்.

கட்டு முடிந்தபின்தான் குனிந்து பார்த்தேன்.
பிடியில் பசைநாடா, என் கையெழுத்து.
மூன்று.

எதுவும் பேசாமல் தாளை எடுத்தேன்.
"மொக்கை" என்ற சொல்லை அடிக்கவில்லை,
அது பொய்யில்லை.
பக்கத்தில் இடம் இருந்த அளவுக்கு எழுதினேன்:
காலையிலிருந்து நாங்கள் இவற்றைப் பதம் பார்த்தோம்,
மாலை 3.20-க்கு இது எங்களைப் பதம் பார்த்தது.

குழுவுக்கு அனுப்பிய பரிந்துரை இரண்டே வரி.
ஆரஞ்சுப் பிடி, இருபது.
கத்தரிக்கோல், நல்லதாக, இருபது.
கீழே மூன்று கையெழுத்து.
தாவெட்டியுடையது
இடது கையால் போட்டது,
பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள் மாதிரி.